கத்திக்குப் பொட்டு வைக்காத வருஷம்

துருவை நான் ஜெயித்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்து சவரக் கத்திகளை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலத்தையும் ஒரு மாமனாரையும் எதிர்த்து நின்றேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. வாய் கொஞ்சம் நீளம் என்று இரண்டு குடும்பத்திலும் ஒருமனதாகச் சொல்வார்கள்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. பெரம்பலூரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் என் கணவர் சலூன் வைத்திருந்தார். சலூன் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்துக்கு எட்டு அறை. தலை சாய்க்கப் பலகை வைத்த மர நாற்காலி ஒன்று, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. ஆனால் எங்களுக்கு அது பெரிதுதான். என் மாமனார் விக்கிரமங்கலத்தில் வீடு வீடாகப் போய், கொல்லைப்பக்கம் கை காட்டிய இடத்தில் குந்தி உட்கார்ந்து மழித்தவர். அவர் மகன் டவுனில் நாற்காலி போட்டார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவானாலும் வெங்காய மண்டிக்காரரானாலும் எங்கள் படியேறி வந்து, முறை வரும்வரை பேப்பர் படித்துக் காத்திருந்தார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

பார்த்தேன் என்று சொல்வதே அந்தக் காலத்தில் தப்பு. சலூனுக்குள் பொம்பளை கால் வைக்கிற வழக்கம் கிடையாது. சோற்றுக் கேரியரை வாசலில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பாராமல் திரும்பிவிட வேண்டும். நானும் ஒழுங்காகத் திரும்புவேன். திரும்புகிற நேரத்துக்குள் கண்ணாடியில் எல்லாம் தெரிந்துவிடும்.

வீட்டில் எனக்குத் தையல் மிஷின் இருந்தது. பாடாலூரில் பிறந்த வீட்டிலிருந்து வந்தபோது என்னோடு பஸ் கூரையில் ஏறி வந்த மிஷின். ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூட யூனிபாரம் என்று நாள் முழுவதும் அது ஓடும். என் கணவருக்குக் கத்தி எப்படியோ அப்படி எனக்கு ஊசி. அவர் தொழிலில் நான் தலையிட்டதில்லை, என் தொழிலில் அவரும் தலையிட்டதில்லை.

ஆயுத பூஜையன்று இரண்டு தொழிலுக்கும் சேர்த்து வீட்டில்தான் படையல். கத்தி, கத்தரி, சீப்பு, முடி வெட்டுகிற மிஷின் எல்லாவற்றையும் கழுவி, வாழையிலையில் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் பரப்பிவிடுவோம். அதற்குப் பிறகு கத்தியைத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி எடுத்த பிறகுதான் முதல் சவரம். பொட்டு வைக்கிற உரிமை மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு. அதற்காகவே அரியலூர் வந்து பஸ் மாறி வருவார். சந்தனத்தைக் கட்டியாகக் குழைத்து, கத்தியை விரித்து, பளபளவென்று இருக்கிற இரும்பின் நடுவில் கட்டைவிரலால் ஒரு அப்பு அப்புவார். அதன் மேல் குங்குமம். கஞ்சத்தனமே கிடையாது.

அப்படி ஒரு விஜயதசமி காலையில்தான் எங்கள் கடைக்கு வினை வந்தது.

உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார் ஒருவர் எங்கள் கடைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார். கடை திறந்த அன்று முதன்முதலில் நாற்காலியில் உட்கார்ந்தவரும் அவர்தான். மெல்லிய தோல், அதற்கு நேர்மாறாகக் கம்பி மாதிரி தாடி. அவருக்கு மழிக்கக் கை வேண்டும் என்று என் கணவரே சொல்வார். சாரே அங்கேதான் போகிறார் என்று வேறு பத்துப் பேர் வருவார்கள். அன்றைக்குப் பள்ளியில் விழா, சார் சீக்கிரமே வந்துவிட்டார். பூஜையிலிருந்து எடுத்த கத்தியைத் துடைத்துத் தோல் வாரில் நான்கு இழுப்பு இழுத்துவிட்டு என் கணவர் வைத்தார். தாடைக்குக் கீழே இரண்டு இடத்தில் பிடித்து இழுத்து அறுத்துவிட்டது.

இவர் படிகாரத்தை வைத்து அழுத்தினார். சார் சட்டைக் காலரில் ரத்தம் படாமல் கைக்குட்டையைச் சொருகிக்கொண்டு எழுந்து போனார். இரண்டு நாள் கழித்து அதே நேரத்துக்கு அதே தெருவில் வந்தார். எங்கள் கடையைத் தாண்டி எதிர்ச்சாரியில் இருந்த சலூனுக்குள் நுழைந்தார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். இவர் அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கத்தி எரிகிறது, முகத்தில் பொரிப் பொரியாக வருகிறது என்று பேச்சு. இவர் சாணைக்கல்லில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் பழையபடி. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னார்:

"திருச்சியில நாலு நாற்காலி போட்ட சலூன் ஒன்னு இருக்குல்ல, அந்த மொதலாளி கூப்புடுறாரு. எப்ப வந்தாலும் ஒரு நாற்காலில நிக்கலாம்னு சொல்லி அனுப்பிச்சிருக்காரு."

நிக்கலாம் என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. தன் அப்பா குந்தியிருந்த இடத்திலிருந்து எழுந்து வந்து நாற்காலி போட்டவர், இன்னொருவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பதா? வந்த கோபத்தில் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையில் கை நுழைகிற வாயையே மூடித் தைத்துவிட்டேன்.

"நம்ம கடைக்கு என்னாங்க கேடு?"

"கையில ஒன்னும் குத்தமில்ல புள்ள. நேரந்தான் சரியில்ல."

"நேரத்த ஏன் இழுக்குறீங்க? கத்தியக் கொண்டாங்க, பாப்போம்."

"நீ பாத்து என்னா பண்ணப் போற?"

"கொண்டாங்கன்னா கொண்டாங்க."

மறுநாள் பெட்டியோடு கொண்டுவந்தார். கொல்லையில் வெயிலில் உட்கார்ந்து திறந்தேன். பெட்டியைத் திறந்ததும் ஒரு ஊறல் நாற்றம். படிகாரக் கட்டி ஈரமாகவே ஒரு மூலையில் கிடந்தது. கத்திகளை மடக்கி வைக்கிற தோல் உறை தொட்டால் சில்லென்று இருந்தது. கத்தி மடங்குகிற பிடியின் இடுக்குக்குள் ஒரு கோணி ஊசியை விட்டு இழுத்தேன். கறுப்பாக, பழைய சோப்பும் முடியும் தண்ணீரும் சேர்ந்த சேறு வந்தது. மழித்து முடித்ததும் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு அலசல், தோளில் கிடக்கிற துண்டில் ஒரு துடைப்பு, உடனே மடக்கி உறைக்குள். கத்தி காய்வதற்கு ஒரு நிமிஷமும் கொடுக்கவில்லை. ஊரில் எல்லாக் கடையிலும் அப்படித்தான் செய்தார்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஆனால் அதுவும் முழுக்காரணம் இல்லை. ஆறு கத்திகளையும் விரித்து வரிசையாக வைத்தேன். பிடிப்பக்கம் அங்கங்கே துரு இருந்தது. ஆனால் ஒவ்வொரு கத்தியிலும் நட்டநடுவில், ஒரே இடத்தில், ஒரே அளவில், வட்டமாக ரவை ரவையாய்க் குழி விழுந்திருந்தது. அந்த வட்டம் கூர் விளிம்பு வரைக்கும் இறங்கியிருந்தது. துரு இப்படி அளவெடுத்துப் பிடிக்குமா? என் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். வட்டம் என் விரலைவிடக் கொஞ்சம் பெரிது.

மாமாவின் கட்டைவிரல்!

ஈரச் சந்தனத்தை இரும்பில் அப்பி, ஒரு பகலும் ஒரு இரவும் கைபடாமல் வைத்திருக்கிறோம். அதுவும் ஐப்பசி மழை எட்டிப்பார்க்கிற சமயத்தில். என் மிஷினுக்கு நானும்தான் பொட்டு வைக்கிறேன். சக்கரத்தில் வைப்பேன், பலகையில் வைப்பேன். ஊசிக்கு ஒருநாளும் வைத்ததில்லை. துருப்பிடித்த ஊசி ஒரு வெள்ளைச் சட்டையில் கறை வைத்தால், அந்தப் பிள்ளையின் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்று தெருவையே கூட்டிவிடுவாள்.

இவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு கத்தியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பாகிட்ட இதச் சொல்ல முடியுமா புள்ள?"

"அத நான் பாத்துக்கறேன். அடுத்த விஜயதசமி வரைக்கும் பொறுங்க. ராத்திரிக்குக் கத்தியெல்லாம் எங்கிட்ட இருக்கட்டும். அதுக்குள்ள அந்தக் கணக்கு சார் நம்ம நாற்காலில வந்து உக்காரலன்னா, நானே மூட்ட கட்டித் தரேன், திருச்சிக்குப் போங்க."

"சார் வந்து உக்காரணும்" என்றார் இவர், விரலை நீட்டி. "மத்தவங்க வந்தா கணக்கில்ல."

"சரி."

வாயைக் கொடுத்துவிட்டேன். அன்றிரவு படுத்த பிறகுதான் பயம் வந்தது.

குழி விழுந்த கத்திகளை இவர் நாலு நாள் கல்லில் தேய்த்து மீட்டார். ஐந்து பிழைத்தன. ஆறாவது தேய்க்கத் தேய்க்கக் குழி கூடவே இறங்கிக்கொண்டு போனது. அதைத் தையல் பிரிப்பதற்கு நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு என் ராஜ்ஜியம். கடையில் ஒவ்வொரு முகம் முடிந்ததும் கத்தியை அலசி, முதுகிலிருந்து கூர்ப்பக்கமாக உலர்ந்த துணியில் துடைத்து, மடக்காமல் பலகையில் படுக்கப் போட்டுவைக்க வேண்டும் என்று சொன்னேன். தோள் துண்டில் துடைக்கக் கூடாது, அதில் அவர் வேர்வை இருக்கிறது. படிகாரத்துக்குத் தனியாக ஒரு கொட்டாங்கச்சி கொடுத்துவிட்டேன். இனி அதற்கும் கத்திக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

சாயங்காலம் கத்திகள் வீட்டுக்கு வரும். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து, இரும்பை மட்டும் முக்கிச் சோப்பைக் கரைப்பேன், பிடி நனையாது. கிழிந்த பழைய வேட்டியில் துடைத்து, அதிலேயே ஒரு நாடா கிழித்துப் பிடியின் இடுக்குக்குள் விட்டு இழுப்பேன், நாடா வெள்ளையாகவே வெளியே வருகிற வரைக்கும். பிறகு ஐந்தையும் விரித்து முறத்தில் வைத்து அடுப்புக்குப் பக்கத்து மேடையில் வைத்துவிடுவேன். அடுப்பின் மேலே இல்லை, பக்கத்தில். சோறு வெந்து இறங்குவதற்குள், கத்தியும் பிடியும் சேருகிற ஆணி இருக்கிற இடம்கூடக் காய்ந்துவிடும். ஆணியில் அரைச் சொட்டு மிஷின் எண்ணெய், இரும்பில் எண்ணெய்த் துணியால் ஒரு தடவல். ஃபிளானல் துணியில் ஐந்து அறை வைத்து நானே ஒரு சுருட்டுப்பை தைத்தேன், ஒரு கத்தி இன்னொன்றின் மேல் படாதபடி. சுருட்டி ஒரு தகர டப்பாவில் போட்டு, வறுத்த அரிசி முடிச்சு ஒன்றை உள்ளே வைத்து மூடுவேன். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை அதை மறுபடி வறுத்தால் போதும்.

முதல் வாரமே என் கெட்டிக்காரத்தனம் சந்தி சிரித்தது. மிஷினுக்கு விடுகிற பழக்கத்தில் எண்ணெயைத் தாராளமாக விட்டிருந்தேன். காலையில் அதைத் துடைத்தெடுக்க வேண்டும் என்று இவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். பாடாலூர்ப் பக்கம் வண்டி ஓட்டுகிற லாரி டிரைவர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து, இவர் கத்தியை வைத்ததும் கண்ணைத் திறந்து மோந்து பார்த்தாராம்.

"என்னாங்க இது, மூஞ்சிக்கு கிரீஸ் அடிக்கிறீங்களா? நம்ம வண்டியையும் இப்புடிப் பாத்துக்கிட்டா தேவல."

கடை முழுக்கச் சிரிப்பு. இவர் முகம் சிவந்துபோய் வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அவர் முறைத்தார். அன்றிலிருந்து விடியற்காலையில் நானே எண்ணெயை வழித்தெடுத்து, வெந்நீரில் காட்டி, துடைத்துக் காயவைத்துக் கொடுத்தேன். வாரில் இழுப்பது மட்டும் அவர் வேலை.

ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்தன. தீப்பெட்டி உரசினால் பற்றாது. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். என் கத்தரிக்கோலே ஒருநாள் கவனிக்காமல் விட்டதில் துருவேறிப் பழுத்துவிட்டது. ஒவ்வொரு காலையிலும் டப்பாவைத் திறந்தவுடன் ஒவ்வொரு கத்தியையும் வெள்ளைத் துணியில் இழுத்துப் பார்ப்பேன். துணி வெள்ளையாகவே இருக்கும். மார்கழிப் பனி முடிந்து தை பிறந்த அன்று, ஐந்தையும் இழுத்த துணியை இவர் கண்ணுக்கு நேரே விரித்துக் காட்டினேன். ஒரு பொட்டுக் கறை இல்லை. அந்தத் துணியைக் கொடியில் கட்டிப் பறக்கவிட வேண்டும் போல இருந்தது எனக்கு.

ஆட்கள் திரும்பி வந்தார்கள். முதலில் லாரிக்காரர்கள், பிறகு தாலுகா ஆபீஸ், பிறகு வெங்காய மண்டி. கத்தி வைத்ததே தெரியவில்லை என்று ஒருவர் சொன்னதாக இவர் வந்து சொன்னார். ஆனால் கணக்கு சார் வரவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் அதே நேரத்துக்கு எங்கள் வாசலைத் தாண்டி எதிர்ச்சாரிக்குப் போனார். கோடை போயிற்று, ஆடி போயிற்று. பெஞ்சு நிறைய ஆள் இருந்தாலும் இவர் கண் தெருவில்தான். பேச்சு பேச்சாக இருக்க வேண்டுமே. மூட்டை கட்டுகிற கயிறு எங்கே இருக்கிறது என்று எனக்கு அடிக்கடி நினைவு வந்தது.

மறுபடி ஆயுத பூஜை வந்தது. மாமாவும் வந்தார். தன்னுடைய இரண்டு கத்திகளையும் மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன். எண்ணெய் தடவிய ஐந்து கத்திகளையும், இலையின் மேல் உலர்ந்த துணி விரித்து அதன் மேல் வைத்து, பிடியில் மட்டும் கடுகளவு சந்தனம் வைத்துவிட்டேன். மாமா சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"என்னம்மா இது, கத்திய மொட்டையா வெச்சிருக்க?"

"பிடியில வெச்சிருக்கேன் மாமா."

"பிடியா மழிக்குது? கத்திக்கு வெக்கலன்னா சாமி குத்தமாயிடும்."

"என் மிஷினப் பாருங்க. சக்கரத்துக்குப் பொட்டு, பலகைக்குப் பொட்டு. ஊசிக்கு யாராச்சும் வெப்பாங்களா? ஊசி என்னா கோவிச்சிக்கிட்டா கெடக்கு?"

"நாப்பது வருசமா நான் வெச்ச பொட்டும்மா இது!"

"அதான் மாமா தெரியுதே, ஒவ்வொரு கத்தியிலயும் உங்க வெரலு."

இவர் நடுவில் நின்று கையைப் பிசைந்தார். "சின்னப் புள்ள, தெரியாமப் பேசுது" என்று அப்பாவிடம் முணுமுணுத்தார். எனக்கு வந்ததே கோபம்.

"தெரிஞ்சுதான் பேசறேன். இந்தத் தடவையும் கத்தி அறுத்துச்சுன்னா உங்க மவன் கடைய மூடிட்டுத் திருச்சிக்குப் போறாரு, இன்னொருத்தரு நாற்காலிக்குப் பின்னால நிக்க. கேளுங்க, அவரு வாயாலயே."

மாமாவுக்கு அது தெரியாது. மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தார். கிண்ணத்தைப் பிடித்திருந்த மாமாவின் கை தாழ்ந்தது. பிறகு மாமா குனிந்து, தன் கத்திகள் இரண்டையும் விரித்து எங்கள் கத்திகளுக்குப் பக்கத்தில் வைத்து, வழக்கமான இடத்தில் வழக்கத்தைவிடக் கனமாகவே சந்தனத்தை அப்பினார். எங்கள் ஐந்தைத் தொடவில்லை. அவருக்கு விட்டுக்கொடுக்கத் தெரிந்த அளவு அவ்வளவுதான், எனக்கு அது போதும்.

இரவெல்லாம் மழை. விடிந்ததும் இவர் கடையைத் திறந்து கூட்டப் போய்விட்டார். நான் குளித்து, கற்பூரம் காட்டினேன். மாமா தன் கத்தி ஒன்றை எடுத்துத் துண்டால் துடைத்தார். சந்தனம் உதிர்ந்தது. அடியில் செம்பழுப்பாக ஒரு வட்டம்.

"குங்குமக் கறம்மா" என்றார்.

நான் ஈரத்துணியை எடுத்துத் துடைத்துக் காட்டினேன். குங்குமம் துணியோடு வந்தது. பழுப்பு அப்படியே இருந்தது. மாமா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் கட்டைவிரலை அந்த வட்டத்தின் மேல் வைத்தார். அச்சாகப் பொருந்தியது. எங்கள் ஐந்து கத்திகளும் பக்கத்தில் கண்ணாடி மாதிரி கிடந்தன. நான் வாயே திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியங்களில் அதுவும் ஒன்று.

"கடைக்கு நானும் வரேன்" என்றார் மாமா.

கத்திகளை வழித்துத் துடைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டு, ஒரு குடையில் இரண்டு பேரும் போனோம். மழை தூறலாகியிருந்தது. பெஞ்சில் நாலு பேர் காத்திருந்தார்கள். மாமா உள்ளே போய்ப் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார். நான் வாசலில் நின்று டப்பாவை நீட்டினேன். இவர் வாங்கி, முதல் கத்தியை எடுத்து வாரில் இழுக்க ஆரம்பித்தார்.

அப்போது எதிர்ச்சாரி சலூனிலிருந்து கணக்கு சார் வெளியே வந்தார். கழுத்தில் அந்தக் கடைத் துண்டு. ஒரு கன்னம் மழித்திருந்தது, அதில் காதோரம் ரத்தக் கோடு. இன்னொரு கன்னம் முழுக்க நுரை. இடமும் வலமும் பார்த்து, ஒரு மாட்டுவண்டி போகட்டும் என்று நின்று, அந்த நுரையோடேயே தெருவைக் கடந்து நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். நான் ஒதுங்கி வழிவிட்டேன். பெஞ்சிலிருந்த நாலு பேரும் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

சார் நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தார்.

"ஒரு பக்கம் முடிஞ்சிருக்குப்பா. இன்னொரு பக்கத்த நீ பாரு."

இவர் கத்தியை மறுபடி ஒருமுறை வாரில் இழுத்தார். நுரை காய்ந்திருந்ததால் பிரஷ்ஷை நனைத்து நிதானமாகப் போட்டார். கத்தியை வைத்தார். வழக்கப்படி நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கண்ணாடியிலும் பார்க்கவில்லை, நேராகவே பார்த்தேன். தூறல் சத்தத்துக்கு நடுவில் கத்தி இறங்குகிற அந்தச் சர்ரென்ற ஓசை தடையில்லாமல் ஒரே சீராகக் கேட்டது. கத்தி தாடைக்குக் கீழே, போன வருஷம் அறுத்த இடத்துக்கு வந்தது. அந்த இடத்தையும் தாண்டிப் போனது.

முடிந்ததும் சார் இரண்டு கன்னத்தையும் மாற்றி மாற்றித் தடவினார்.

"புதுக் கத்தியா?"

"இல்ல சார். அதே கத்திதான்."

"போன வருஷம் அறுத்துச்சே?"

இவர் என்னைப் பார்த்தார். கடையில் அத்தனை பேர் இருக்க, அப்பாவும் இருக்க, சொன்னார்:

"அப்ப நான் பாத்துக்கிட்டேன் சார். இப்ப வூட்ல பாத்துக்கறாங்க."

சார் நாற்காலியைவிட்டு எழுந்து வாசல் பக்கம் திரும்பினார். என்னிடம்தான் பேசினார்.

"நாளன்னிக்கு வரேம்மா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையாட்டினேன். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம், குடையை அங்கேயே விட்டுவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடலாம் போல.

கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடைக்காரர் தன் துண்டைக் கேட்டு வந்தார். நல்ல மனிதர், எங்களுக்குப் பங்காளி முறை. துண்டை வாங்கிய பிறகும் போகாமல் நின்றார். "என்னா எண்ணெய்ங்க போடுறீங்க?" என்று என்னிடமே கேட்டார். எண்ணெயில் ஒன்றும் இல்லை, சந்தனம்தான் வினை என்று நான் ஆரம்பிப்பதற்குள், பெஞ்சிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"கத்தியில பொட்டு வெக்காதய்யா. பிடியில வெய்யி. சாமி ஒன்னும் சொல்லாது."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சோற்றுக் கேரியரோடு போனபோது கடையில் கூட்டம் குறைந்திருந்தது. இவர் வாசலுக்கே வந்து வாங்கிக்கொண்டார். உடனே உள்ளே போகவில்லை.

"திருச்சிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டுடறேன் புள்ள."

"என்னான்னு எழுதப் போறீங்க?"

"கத்தியெல்லாம் எம் பொண்டாட்டிகிட்ட இருக்கு, அவ இருக்கற எடத்துலதான் நம்மளுக்குத் தொழிலுன்னு."

மறுநாள் தபால் ஆபீஸ் திறந்ததும் கார்டு வாங்க நானே போனேன்.